திரேசா மச்சாள் வாசித்த நாவல்

உடம்பு வருத்தம் முதலில் என் பாதங்களில்தான் வந்தது. எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிறேன். வீடு ஊர்காவற்றுறையில். காலையில் படகில் போய், பள்ளி விட்டதும் படகில் திரும்புவேன். அன்று திரும்பி வந்து இறங்குதுறையில் கால் வைத்தபோது கீழே சீமெந்து இருப்பதே தெரியவில்லை. பஞ்சு மூட்டையின் மேல் நிற்பது போல இருந்தது. படகில் ஒரே பக்கமாக இருந்ததில் கால் விறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முந்திய வாரம் வயிற்றோட்டம் வந்து படுத்திருந்தேன். அந்தக் களைப்பாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை குசினியில் கதிரையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எழும்பப் பார்த்தால் எழும்ப முடியவில்லை. தொடைக்குக் கீழே கால்கள் இருந்தன, ஆனால் சொல்வதைக் கேட்கவில்லை. என் கணவர் அன்ரன் கடலுக்குப் போகிறவர். நண்டு வலையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"என்னப்பா, எழும்பி வாருமன்."

"ஏலாமல் கிடக்கு. விளையாட்டில்லை."

அவர் என்னைத் தூக்கியபோது அவர் கையில் உப்பும் நண்டு மணமும் இருந்தது. அது இப்போதும் நினைவில் நிற்கிறது.

ஊர் ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் சிறிய இறப்பர்ச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். அதுவும் அப்படியே கிடந்தது. அவர் ஒன்றும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. உடனே அம்புலன்ஸைக் கூப்பிட்டார். "யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறன். யோசிக்காதேங்கோ, ஆனால் சுணங்கக் கூடாது" என்றார். அந்தத் தம்பி சுணங்காமல் விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

பெண்கள் வார்ட்டில் துணைக்குப் பெண்தான் நிற்கலாம். எங்கள் மகள் உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே என்னோடு அம்புலன்ஸில் ஏறியது அன்ரனின் அக்கா திரேசா. ஒரே வளவில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கலியாணம் கட்டாதவர். கருவாடு போட்டு விற்று, தம்பிமாரை வளர்த்து, தன் பாட்டில் இருக்கிறவர். வாய் கொஞ்சம் காரம். எங்களுக்குள் சண்டை கிடையாது. அதே நேரம் இருந்து கதைத்த பழக்கமும் கிடையாது. வேலிக்கு மேலால் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளும் அளவில் பத்தொன்பது வருஷம் ஓடியிருந்தது.

அவசரத்தில் மச்சாள் என் பள்ளிக்கூடப் பையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உடுப்பை எல்லாம் அதற்குள்ளேயே அடைத்திருந்தார். பையின் அடியில் அந்த நாவல் இருந்தது.

அதைத் தந்தவர் கமலா ரீச்சர். வேலணையில் இருந்து வருகிறவர், சைவம், என்னோடு ஒரே படகில் போவார். எனக்கு ஒரு சங்கடம் இருந்ததை அவர் கண்டுபிடித்திருந்தார். நான் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவள். ஆனால் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, பூசையில் என் வாய் மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் படகில் இதைச் சொன்னேன். அடுத்த கிழமை அவர் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "எங்கடை சமயப் புத்தகம் எண்டு நினைக்காதையும். ஒருத்தன் தேடிப் போற கதை. வாசிச்சுப் பாரும்" என்றார்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நெல் களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறவன் ஒருவன், ஒரு விடியற்காலையில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கடவுளைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் சந்திக்கும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறான். "நீ எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?" உப்பு விற்கிறவன் ஒரு பதில் சொல்வான். சத்திரம் நடத்தும் விதவை வேறொரு பதில் சொல்வாள். கள்ளன் ஒருவன் சிரித்துவிட்டு அவனுடைய பையைப் பறித்துக்கொண்டு ஓடுவான். எழுவைதீவுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலுமாக நான் பாதிப் புத்தகத்தை முடித்திருந்தேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட, நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைவு வரும்.

வார்ட்டில் பரிசோதனைகள் தொடங்கின. முதுகுத் தண்டுக்குள் ஊசி ஏற்றி அங்கிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். நான் கருவில் கிடக்கும் பிள்ளையைப் போலச் சுருண்டு கிடக்க, மச்சாள் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். பிறகு கையிலும் காலிலும் சின்னச் சின்ன மின்சார அதிர்ச்சி கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்த்தார்கள். செய்தி தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது.

பெரிய டொக்டர் கட்டிலில் என் காலடியில் இருந்துகொண்டு விளக்கினார். நோயின் பெயரை மூன்று ஆங்கில எழுத்தில் சொன்னார், ஜீ.பீ.எஸ்.

"ரீச்சர்தானே நீங்கள், விளங்கும். உங்கடை வயித்திலை ஒரு கிருமி வந்தது. அதோடை சண்டை பிடிக்க உடம்பு ஆக்களை அனுப்பினது. கிருமி போயிட்டுது. ஆனால் சண்டைக்குப் போன ஆக்கள் திரும்பி வரேக்கை உங்கடை நரம்பையே எதிரி எண்டு நினைச்சு அடிக்கினம். நரம்புக்கு மேலை ஒரு உறை இருக்கு, வயருக்கு மேலை பிளாஸ்ரிக் மாதிரி. அது உரிஞ்சு போகுது."

"திரும்பி வருமோ டொக்டர்?"

"பெரும்பாலும் வரும். மெல்லத்தான் வரும். ஆனால் அதுக்கு முதல் இன்னும் கொஞ்சம் கூடலாம். காலிலையிருந்து மேலை ஏறுற வருத்தம் இது. நெஞ்சுக்கு வந்தால் மூச்சுக்கு மெசின் வைக்கவேண்டி வரும். அதுக்கு ஆயத்தமாய் இருப்பம்."

மற்றவர்களின் இரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தைச் சேலைன் மாதிரி ஏற்றினார்கள். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த இரத்தம் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கியது. ஒரு சதமும் கேட்காமல் அதைத் தந்தார்கள். அந்த ஆட்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் ஒருவர் எப்போதாவது இரத்தம் கொடுத்திருந்தால் அவருக்கு என் நன்றி.

ஒவ்வொரு காலையும் தாதி வந்து, "ஒரு மூச்சை எடுத்துப்போட்டு எண்ணிக்கொண்டு போங்கோ பாப்பம்" என்பார். மூச்சு முடியும்வரை நான் எண்ண வேண்டும். நுரையீரலுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அதில் தெரியும். நாளுக்கு நாள் நான் நிற்பாட்டும் இடம் கீழே வந்துகொண்டிருந்தது. தாதியின் முகத்தில் ஒன்றும் தெரியாது. மச்சாளின் முகத்தில் தெரியும்.

கைகளும் போய்விட்டன. நாவலை நெஞ்சில் நிறுத்தி வைத்து வாசிக்கப் பார்த்தேன். அது சரிந்து மூக்கில் விழுந்தது. மச்சாள் எடுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, சாமியார் புத்தகமோ?"

"சாமியார் இல்லை மச்சாள். கடவுளைத் தேடி வீட்டை விட்டுப் போன ஒருத்தன்."

"பெண்சாதி இருக்கோ?"

"இருக்கு. ஒரு குழந்தையும்."

"அப்ப அதுகளை ஆர் பாக்கிறது?"

"அதைப் பற்றி இன்னும் எழுதேல்லை."

"எழுதமாட்டான்" என்றார் மச்சாள். பக்கங்களைப் புரட்டினார். பிறகு, "எந்த இடத்திலை விட்டனீர்?" என்று கேட்டார்.

அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். செபப் புத்தகமும் மரண அறிவித்தலும் தவிர வேறொன்றும் வாசித்து நான் கண்டதில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, சொல்லுச் சொல்லாகப் போவார். நீண்ட வசனத்தின் நடுவில் மூச்சு முட்டி நிற்பார். "இந்தாள் ஏன் ஒரு முற்றுப்புள்ளியைப் போடுறானில்லை" என்று எழுதியவரைப் பேசுவார். ஆனால் வாசித்தார். மருந்து ஏறும் நேரமெல்லாம் வாசித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காது கொடுக்கத் தொடங்கினார்கள்.

கதையில், அவன் ஊரில் விட்டுவந்த மனைவி நோயில் விழுகிற இடத்துக்கு வந்தோம். அவளுக்கு யாரும் இல்லை. அவன் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறான்.

"ஏன் ஜெசி, உப்புக்காரனுக்குப் பேர் இருக்கு. கள்ளனுக்கும் பேர் இருக்கு. இவளுக்கு ஒரு பேர் வைக்க இந்தாளுக்கு ஏலாமல் போச்சுதோ?"

அதுவரை அதை நான் கவனித்திருக்கவில்லை. புத்தகம் முழுக்க அவள் "மனைவி"தான்.

அன்று பின்னேரம் எனக்கு மூச்சு வாங்கியது. பேசினால் வசனம் பாதியில் அறுந்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது மச்சாள் கூடவே ஓடி வந்தார், நாவல் அவர் கையில் இருந்தது. கதவு மூடியது.

அங்கே கிடந்த நாட்களைப் பற்றி முழுதாகச் சொல்ல என்னால் முடியாது. தொண்டைக்குள் குழாய். மெசின்தான் எனக்காக மூச்சு எடுத்தது. நினைவு தெளிவாக இருந்தது. கண்ணை மூடித் திறக்கலாம், வேறொன்றும் ஏலாது. மூக்கின் நுனி அரித்தால் அது அரித்துக்கொண்டே இருக்கும். யாராவது தற்செயலாகத் துடைத்தால்தான் உண்டு.

செபம் சொல்லப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நாக்கில் ஊறிய வார்த்தைகள்தான், ஆனால் பாதியில் கைவிட்டுப் போய்விடும். திரும்ப முதலில் இருந்து தொடங்குவேன். திரும்பவும் போய்விடும். நிலைத்து நின்றது நாவலின் கேள்வி மட்டும்தான். நீ எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? என் விரல்களுக்கு ஒரு நூலைக்கூடப் பிடிக்கும் பலம் இல்லை. செபம் பிடிபடவில்லை. மகளின் முகத்தை நினைத்துப் பிடிப்போம் என்றால் அழுகை வந்தது. அழுதால் சளி சேர்ந்து மெசின் கத்தியது. ஒவ்வொன்றாக விட்டுப் போய், ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாவின் குழியடியில் நின்றபோது வந்த வெறுமையைவிட இது பெரியது.

அப்படிப் பயத்தின் அடியில் கிடந்தபோது ஒரு காலை தாதிமார் மூன்று பேர் என்னைத் துடைக்க வந்தார்கள். என்னை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் இடுப்பைப் பிடித்தார், மூன்றாமவர் தொண்டைக் குழாய் அசையாமல் பிடித்தார். "பயப்பிடாதேங்கோ ரீச்சர், நாங்கள் பிடிச்சிருக்கிறம்" என்றார் தோளைப் பிடித்தவர். வழமையாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எனக்கு அன்று அது வேறு விதமாகக் கேட்டது. அந்தக் கேள்வியை நான் இத்தனை நாளும் ஒரே பக்கமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எதையும் பிடிக்கவில்லை, உண்மை. ஆனால் நான் பிடிக்கப்பட்டிருந்தேன். பிறகு வந்த செபங்களில் பாதியில் நின்றால் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டேன். மிச்சத்தைக் கேட்கிறவர் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது.

அந்த நாவலை எழுதியவர் கேள்வியைக் கேட்டிராவிட்டால் அந்தப் பதில் எனக்கு வந்திராது. அந்த அளவில் அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

மெசின் எடுபட்டு, குழாய் எடுபட்டு, வார்ட்டுக்குத் திரும்பி வந்தேன். என் முதல் குரல் தவளை கத்துவது போல இருந்தது. அன்ரன் கட்டிலடியில் நின்று என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மச்சாள்தான் பேசினார்.

"சரி. வந்திட்டீர். இனிக் கதையைக் கேளும்."

அவர் வாசிப்பு மாறியிருந்தது. முந்தியைப் போல் தடுமாறவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, சில நேரம் பக்கத்தையே பார்க்காமல், ஓடும் தண்ணீர் மாதிரி வாசித்தார். இத்தனை நாள் வாசித்ததில் பழகிவிட்டது என்று நினைத்தேன். நாவலின் நடையும் இலகுவாகியிருந்தது. அவன் மலையடிவாரத்தில் செய்தி கேள்விப்பட்டு வீட்டுக்கு ஓடி வருகிறான். மனைவிக்குப் பெயர் வந்துவிட்டது, கௌரி. கடைசியில் இந்தாளுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். கௌரி பாயில் கிடக்கிறாள். அவன் அவளைத் துடைக்கிறான், திருப்பிப் படுக்க வைக்கிறான், கரண்டியால் மீன் சொதி பருக்குகிறான். ஆற்றங்கரை ஊரில் மீன் சொதி எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சொதியின் வாசம் மூக்கில் ஏற, யோசனை போய்விட்டது.

என் பெருவிரல் முதன்முதலாக அசைந்த மறுநாள், கௌரியும் விரலை அசைத்தாள். என்னை இரண்டு பேர் பிடித்துக் கட்டில் விளிம்பில் இருத்தினார்கள். கௌரியையும் அவன் சுவரோடு சாய்த்து இருத்தினான். நான் பலம் வரவில்லையே என்று அழுத நாளில் அவளும் அழுதாள். அவன், "கால் உன்னுடையதுதானே, எங்கே போகப் போகுது" என்றான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் புத்தகம் எனக்காகவே எழுதப்பட்டது என்று நான் நம்பினேன். நல்ல நூல்களை வாசிக்கும் எல்லோருக்கும் எப்போதாவது அப்படித் தோன்றும். அது கடவுள் எனக்குக் காட்டிய அடையாளம் என்றுகூட நினைத்தேன்.

பயிற்சி தரும் பிள்ளை இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் என்னை நிறுத்திய அன்று, கௌரி கிணற்றடிவரை நடந்தாள். மச்சாள் புத்தகத்தை மூடினார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"கடவுளைக் கண்டானோ?"

"அதுக்கு அவனுக்கு நேரம் இருக்கேல்லை" என்றார் மச்சாள், புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்தேன். முதலில் சக்கரக் கதிரை, பிறகு நடைச்சட்டம், பிறகு ஊன்றிக்கொள்ள ஒரு பொல்லு. அன்ரன் கடலுக்குப் போகுமுன் என் கால்களுக்குப் பயிற்சி செய்துவிட்டுத்தான் போவார். மகள் என் தலையைப் பின்னிவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கமலா ரீச்சர் பார்க்க வந்தார். அவர் கேட்கவில்லை, ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. பையில் இருந்து எடுத்து, கொடுக்குமுன் கௌரி நடக்கும் பக்கத்தை ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று திருப்பினேன்.

கௌரி இல்லை. புத்தகத்தில் அந்தப் பெயரே இல்லை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன அன்று வாசித்த பக்கத்துக்குப் பிறகு, நாலு பக்கத்தில் மனைவி இறந்துபோகிறாள். அவன் திரும்பி வரும்போது வீடு வெறுமையாகக் கிடக்கிறது.

"இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருந்து தரட்டோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"வைச்சிரும். ஏன், இன்னும் முடிக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன். அது உண்மைதான்.

அவர் போன பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு வேலியைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மச்சாள் முற்றத்தில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார்.

"வாசிச்சிட்டீரோ."

"ஓம்."

"உம்மை உள்ளுக்குக் கொண்டுபோயிட்டினம். நான் வெளியிலை கிடந்த நீட்டு வாங்கிலை இருந்தனான். அவளுக்கு என்ன நடக்குது எண்டு பாக்காமல் இருக்க ஏலேல்லை. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி முடிவு வரைக்கும் வாசிச்சன். அவள் செத்துப் போறாள். அதை உமக்கு நான் எப்பிடி வாசிக்கிறது?"

"அதுக்காக?"

"அதுக்காக என்ன. நான் சாகவிடேல்லை."

நான் அவர் பக்கத்தில் கல்லில் இருந்தேன். கேட்க ஆயிரம் இருந்தது. "ஒவ்வொரு நாளும் புதுசாய் எப்பிடிச் சொன்னனீங்கள் மச்சாள்?"

"சரியான பயம்தான். நீர் ரீச்சர், பிடிச்சுப்போடுவீர் எண்டு. ஆஸ்பத்திரிக் கோயிலிலை போய் முழங்காலிலை நிண்டு ரெண்டு மன்றாட்டுக் கேக்கிறனான். நீர் எழும்பவேணும். நாளைக்கு என்ன வாசிக்கிறது எண்டு எனக்குக் காட்டவேணும்."

"கௌரி எண்ட பேர்?"

அவர் கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்தார்.

"வாங்கிலை என்னோடை ஒரு மனிசி இருந்தவ. நெடுந்தீவு. அவவின்ரை மகளும் உள்ளுக்குத்தான், உமக்கு ரெண்டு கட்டில் தள்ளி. காய்ச்சல் மூளைக்கு ஏறின பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே போத்தல் தண்ணி குடிச்சு, ஒரே செபமாலையைப் பிடிச்சு இருந்தனாங்கள். அவ சைவம். எண்டாலும் பிடிச்சவ. நீர் வெளியிலை வந்தனீர். அவள் வரேல்லை. அவளின்ரை பேர்தான் கௌரி." கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "எங்கையாவது அந்தப் பேர் எழும்பி நடக்கட்டும் எண்டு" என்றார்.

எனக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒரு பிள்ளை கிடந்தது எனக்குத் தெரியாது. மெசினின் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அவளுடையதும் அதில் சேர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாவலை நான் முழுதாக வாசித்தேன். எழுதியவர் பொய்யர் அல்ல. வெறும் வீட்டில் அவன் இருக்கும் அந்தக் கடைசிப் பக்கங்கள் உண்மையானவை. தான் தேடிப் போனது தன்னைத் தேடிக்கொண்டு இங்கேயே இருந்தது என்று அவனுக்கு விளங்குகிறது, ஆனால் காலம் பிந்திவிட்டது. வார்ட்டில் அதை யாராவது எனக்கு வாசித்திருந்தால் நான் உடைந்திருப்பேன். இப்போது, காலில் பலம் வந்த பிறகு, அதையும் தாங்க முடிகிறது. அப்பாவின் சாவை நான் விளங்கிக்கொண்டது அந்தப் பக்கங்களில்தான். எனக்கு இரண்டு முடிவுகளும் தேவைப்பட்டன, அவை வர வேண்டிய ஒழுங்கிலேயே வந்தன. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டால், நான் நீண்ட பட்டியல் ஒன்றைச் சொல்லி, கடைசியில் மேலேயும் பார்ப்பேன்.

இனி ஒன்று மட்டும் சொல்ல இருக்கிறது.

கௌரியின் தாயோடு மச்சாள் அவ்வப்போது போனில் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "உன்ரை மச்சாள் நடக்கிறாவோ" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். நான் பொல்லு இல்லாமல் நடக்கத் தொடங்கியதும் இரண்டு பேருமாக நெடுந்தீவுக்குப் படகேறினோம். கடல் அன்று குழம்பவில்லை. இறங்குதுறையில் கௌரியின் தாயே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். குனிந்து இரண்டு முழங்காலையும் தொட்டார்.

வீட்டில் தேத்தண்ணி தந்தார். சுவரில் கௌரியின் படம் இருந்தது. சிரிக்காத, நேராகப் பார்க்கிற முகம்.

"அந்த நேரம் என்னவோ புத்தகம் வைச்சிருந்தனீர் திரேசா. அதை முடிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மச்சாள் மெல்லச் சொல்லத் தொடங்கினார். புத்தகத்தில் என்ன இருந்தது, தான் என்ன மாற்றினார், என்ன பெயர் வைத்தார், எல்லாவற்றையும் சொன்னார். பிழை என்றால் மன்னிக்கச் சொன்னார். அந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் வந்தது தவறோ என்று நினைத்தேன்.

"எழும்பினவளோ?" என்று கேட்டார்.

"எழும்பினவள் அக்கா. கிணத்தடி மட்டும் நடந்தவள். தண்ணி அள்ளி முகத்தைக் கழுவினவள்."

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அவள் முதல் காலிலைதான் ஊத்துவாள். சின்னனிலையிருந்து அப்பிடித்தான். முகத்திலை உடனை ஊத்தினால் குளிருமாம்."

மச்சாள் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சரியக்கா" என்றார். "முதல் காலிலை ஊத்தினவள்."